ஸ்னேரின் வாலை வெட்டு

அன்பு மகள் யாழினிக்கு,

நீ அனுப்பிய பாட்டை ஹெட்போனில் மூன்று முறை கேட்டேன். மெட்டு அழகு. எண்பதுகளின் நியூ வேவ் பாப் பாட்டுகளின் சாயல் வரவில்லை என்று எழுதியிருந்தாய். குறை உன் சின்தசைசரில் இல்லை, மா. இருபத்திரண்டு டிராக் (தனித்தனி ஒலி வரிசை) போட்டிருக்கிறாய், அதுதான் குறை.

அந்தப் பாட்டுகள் இன்றும் புதிதாகக் கேட்கின்றன என்றால், காரணம் அவற்றில் ஒலிகளின் கூட்டம் குறைவு. அந்தக் காலத்து சின்தசைசரான ரோலண்ட் ஜூனோ-60இல் ஒரே நேரத்தில் ஆறு சுரம்தான் ஒலிக்கும். 1980இல் வந்த லின் எல்எம்-1 டிரம் மெஷினில் நிஜ டிரம் ஒலிகளைச் சிப்பில் பதித்திருந்தார்கள். மெமரி விலை அதிகம் என்பதால் கிராஷ், ரைடு என்ற இரண்டு சிம்பல்களும் (உலோகத் தட்டுகள்) அதில் கிடையாது. அந்த இரைச்சல் இல்லாத இடத்தில் குரல் பளிச்சென்று நிற்கும். நீயும் முதலில் சிம்பல்களை மியூட் செய். பின்னணியில் நீளமாக ஒலிக்கும் இரண்டு பேட் ஒலிகளில் ஒன்றை எடுத்துவிடு.

அடுத்து பேஸ், அதாவது கீழ்ச்சுர ஒலி. நிமிடத்துக்கு 120 தட்டு (பிபிஎம்) வேகத்தில் அரைத்தட்டு 250 மில்லிசெகண்ட். நீ சுரத்தை அவ்வளவு நேரமும் பிடித்து வைப்பதால் கிக்கோடு (பெரிய டிரம்மின் அடியோடு) சேர்ந்து குழைகிறது. 150க்குக் குறை. மிச்சமுள்ள 100 மில்லிசெகண்ட் மௌனம்தான் காலைத் தாளம் போட வைக்கும். பேஸில் கோரஸ் எஃபெக்ட் (ஒலியைச் சற்று விலக்கி இரட்டிப்பது) வேண்டவே வேண்டாம். போன் ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகும்போது ஒன்றையொன்று அடித்து பேஸ் மெலிந்துவிடும். பேடுக்கு மட்டும் போடு.

ஸ்னேர்தான், அந்தச் சுருக்கென்று அடிக்கும் டிரம்தான், முக்கியம். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்காம், பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்காக ஃபில் காலின்ஸ் வாசித்த டிரம்மில் பிடித்த வித்தை இது: எதிரொலியைப் பெரிதாக விட்டு, சட்டென்று அறுப்பது. நீ நாய்ஸ் கேட்டை (ஒலியை அறுக்கும் கருவி) ரிவர்புக்கு (எதிரொலி சேர்ப்பது) முன்னால் வைத்திருக்கிறாய். அப்படி வைத்தால் ஸ்னேர்தான் அறுபடும், எதிரொலி இழுத்துக்கொண்டே போகும். ஸ்னேரைத் தனி பஸ்ஸுக்கு (மிக்ஸரில் தனி ஒலிப் பாதை) அனுப்பி, அங்கே 2 செகண்ட் ரிவர்ப், அதற்குப் பின்னால் கேட். கேட்டை எப்போது திறப்பது என்று சொல்லும் சைட்செயினுக்கு எதிரொலி சேராத ஸ்னேரைக் கொடு. ஹோல்ட் (கேட் திறந்திருக்கும் நேரம்) 250 மில்லிசெகண்ட், ரிலீஸ் (அது மூட எடுக்கும் நேரம்) 20. ரிலீஸ் 200க்குப் போனால் எதிரொலியின் வால் மறுபடி முளைத்துவிடும். ரிவர்பில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, இல்லையென்றால் கிக் மங்கும்.

டிரம்மும் பேஸும் தாளக் கட்டத்துக்குள் நிற்கட்டும், மெட்டை மட்டும் கொஞ்சம் நழுவவிடு. நியூ ஆர்டர் இசைக்குழுவின் ‘ப்ளூ மண்டே’ (1983) பாட்டுக்கு அதன் கில்லியன் கில்பர்ட் சுரங்களையெல்லாம் காகிதங்களில் எழுதி, ஸ்டுடியோ நீளத்துக்கு ஒட்டி வைத்து, ஒவ்வொன்றாக சீக்குவென்சரில் (சுரங்களைத் தானாக வாசிக்கும் கருவி) ஏற்றினார். ஒரு சுரம் விடுபட்டு மெட்டு தாளத்திலிருந்து லேசாக விலகியது. அந்த விலகல் அப்படியே பதிவாகி, இன்றுவரை காதை இழுக்கிறது.

கடைசியாகப் பல்லவி. ஆ-ஹா இசைக்குழுவின் ‘டேக் ஆன் மீ’ 1984இல் வெளியானபோது எடுபடவில்லை. ஆலன் டார்னி தயாரிப்பில் மறுபடி பதிவாகி, 1985இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதன் பல்லவி அடிக்குரலில் தொடங்கி இரண்டரை ஸ்தாயி ஏறுகிறது. உன் பல்லவி நான்கு சுரத்துக்குள்ளேயே சுற்றுகிறது. கடைசி வரியையாவது ஒரு ஸ்தாயி மேலே பாடிப் பார். தொண்டை எட்டவில்லையென்றால் பாட்டையே இரண்டு சுரம் கீழே இறக்கு.

சிம்பல் இல்லாத மிக்ஸை முதலில் அனுப்பு. மாஸ்டரில் (எல்லா ஒலியும் சேரும் கடைசி இடம்) உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டர் போடாதே, ஸ்னேரின் அறுப்பு சரியாக விழுகிறதா என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா