சின்னம் இல்லாத வாக்குச்சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருகிற ஒக்டோபர் 26, திங்கட்கிழமை ஒன்ராறியோ மாகாணம் முழுவதும் நகரசபைத் தேர்தல். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. ரொறன்ரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் என்று நம்மவர்கள் செறிந்து வாழும் நகரங்கள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் மேயர்களையும் சபை உறுப்பினர்களையும் தெரிவு செய்யப்போகிறோம். இதையொட்டி உங்கள் பத்திரிகையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்கு முன் 2022 ஒக்டோபர் 24 அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று வேலை முடிந்து வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது வயது எழுபத்தொன்பது. கனடியக் குடியுரிமை எடுத்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிட்டவர் இல்லை. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பதால், நான் கூடவே நின்று உதவலாம் என்று சொல்லி, முதலில் என்னைச் சத்தியம் செய்யவைத்தார்கள். சீட்டைக் கையில் வாங்கிய அம்மா அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "சின்னம் எங்கை பிள்ளை?" என்று கேட்டார். ஊரில் வீடு, சைக்கிள் என்ற கட்சிச் சின்னங்களைப் பார்த்து வாக்குப் போட்டுப் பழகிய மனுஷி. சின்னம் இல்லை அம்மா என்றேன். "அப்ப கட்சி?" அதுவும் இல்லை. மேயருக்கு மட்டும் 31 பெயர்கள், குடும்பப் பெயரின் அகரவரிசையில். "சரி, நீ சொல்லு. ஆர் நல்லவர்?"

மேயர் பதவிக்கு யார் யார் என்று எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. எங்கள் வட்டாரத்தின் சபை உறுப்பினர் பதவிக்கு நின்றவர்களில் இருவரின் பெயரைப் புல்வெளிப் பலகைகளில் கண்டிருந்தேன், அவ்வளவுதான். அவர்கள் என்ன செய்வதாகச் சொன்னார்கள், முன்பு என்ன செய்தார்கள், ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷம் ஸ்காபரோவில் வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளை இங்கே வளர்த்தவள் நான். "தெரியாது அம்மா" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தோம். அந்த வெற்றிடம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நாங்களாவது போனோம். அந்தத் தேர்தலில் ரொறன்ரோவில் வாக்களித்தவர்கள் 30 வீதத்துக்கும் குறைவு. 2014இல் பாதிப்பேருக்கு மேல் வாக்களித்த நகரம், 2018இல் 41 வீதமாகக் குறைந்து, 2022இல் இந்த நிலைக்கு வந்தது. சனத்துக்கு அக்கறை இல்லை என்று சொல்வதை, நம்மவர்களைப் பொறுத்தவரை, நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கடந்த ஆண்டு மே 6ஆம் திகதி இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது இங்கே எத்தனை வீடுகளில் தொலைபேசியும் கையுமாக இருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். யாழ்ப்பாண மாநகரசபையில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம், பருத்தித்துறையில் என்ன, வல்வெட்டித்துறையில் என்ன என்று விரல்நுனியில் வைத்திருந்தார்கள். அதில் பிழையே இல்லை, நானும்தான் பார்த்தேன். ஊர்ச் செய்தி தமிழில், பெயர் பெயராக, கட்சி கட்சியாக நம்மிடம் வந்து சேர்கிறது. நமது தெருவுக்குப் பொறுப்பானவரைப் பற்றித் தமிழில் வந்து சேர்வது முழுப்பக்க விளம்பரம் ஒன்றுதான். கைகூப்பிய படம், பெரிய எழுத்தில் பெயர், கீழே "உங்கள் பொன்னான வாக்குகளை".

நகரசபையில் என்ன பெரிய அதிகாரம் என்று கேட்பவர்கள் தங்கள் சொத்துவரிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்க்கட்டும். ரொறன்ரோவில் வீடுகளுக்கான வரி 2024இல் 9.5 வீதமும், 2025இல் 6.9 வீதமும் கூடியது. பேஸ்மென்டை வாடகைக்கு விடுவதற்கான விதிகள், நூலகம் திறந்திருக்கும் நேரம், நடைபாதையில் பனி அள்ளுவது, இவையெல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. 2023 ஜூலை 24ஆம் திகதி ஸ்காபரோ ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி தடம் புரண்டதிலிருந்து அந்தத் தடம் திரும்ப ஓடவே இல்லை. அன்றிலிருந்து கென்னடி நிலையத்துக்குப் பஸ்ஸில் போய்வருகிறோம். அந்தப் பழைய தடத்தைப் பஸ் பாதையாக்கும் வேலைக்கு எவ்வளவு காசு, எவ்வளவு அவசரம் என்று பேசியதும் நகரசபைதான். நமக்கே உரிய காரியங்களும் இருக்கின்றன. ஸ்ரெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையத்துக்கான காணி ரொறன்ரோ நகரசபை தீர்மானித்துக் கொடுத்தது. பிரம்ரன் சிங்குவாகூசி பூங்காவில் 2025 மே மாதம் திறந்துவைக்கப்பட்ட தமிழினப் படுகொலை நினைவுத்தூபி, அந்த நகரத்தின் மேயரும் சபையும் உறுதியாக நின்றபடியால் எழுந்தது. அன்றைக்கு அங்கே கண்ணீரோடு நின்ற எத்தனைபேர் அந்தச் சபைக்கான தேர்தலில் வாக்களித்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

இன்னொன்று. 2018இல் தேர்தல் வேலைகள் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே மாகாண அரசு ரொறன்ரோவின் 47 வட்டாரங்களை 25 ஆக்கியது. அதை எதிர்த்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2021இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பானது. இன்றைக்கு ஒரு உறுப்பினருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அதன் பிறகு 2022இல் மேயருக்கு விசேஷ அதிகாரங்கள் வந்தன. வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பது மேயர். மாகாணம் முக்கியம் என்று குறித்த விடயங்களில், சபையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஆதரவு இருந்தாலே மேயர் தன் முன்மொழிவைச் சட்டமாக்கலாம். ரொறன்ரோவிலும் ஒட்டாவாவிலும் தொடங்கியது, இப்போது மாகாணத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வந்துவிட்டது. உறுப்பினர்கள் குறைந்து, மேயரின் கை ஓங்கியிருக்கும் இந்த நேரத்தில் வீட்டில் இருந்துவிடுவது எனக்கு மனம் பொறுக்காத காரியம்.

நம்மவர்கள் சபைகளுக்குள் போயிருக்கிறார்கள், அது பெருமைதான். 2006இல் லோகன் கணபதி மார்க்கம் சபைக்குத் தெரிவானதை நாங்கள் கொண்டாடிய விதம் இன்றும் நினைவிருக்கிறது. 2023 நவம்பர் இடைத்தேர்தலில் பார்த்தி கந்தவேள், 2025 செப்ரம்பர் இடைத்தேர்தலில் நீதன் சாண் என்று ஸ்காபரோவிலிருந்து ரொறன்ரோ சபைக்குப் போனார்கள். கட்சிப் பெயர் இல்லாத சீட்டில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் கை தானாக அங்கே போகும். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரே வட்டாரத்தில் இரண்டு, மூன்று தமிழர் நிற்கும் காலம் வந்துவிட்டது. தமிழர் ஒருவர்கூட நிற்காத வட்டாரத்தில் தமிழர் வாழத்தானே செய்கிறார்கள்? பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இனி ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவேதான் இந்த வேண்டுகோள். வேட்புமனுத் தாக்கல் ஓகஸ்ட் 21ஆம் திகதி முடிகிறது. செப்ரெம்பர் முதல் இதழிலிருந்து, கிழமைக்கு இரண்டு மூன்று வட்டாரங்களாக, நிற்கும் எல்லோருடைய பெயரையும் தமிழில் போடுங்கள், தமிழர், தமிழரல்லாதவர் என்று பாராமல். எல்லோரிடமும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதிலை அப்படியே போடுங்கள். சொத்துவரி, பஸ், வாடகை வீடு, பனி அள்ளுதல், முதியோர் நிகழ்ச்சிகளுக்கான இடவசதி. பதில் தராதவரின் பெயருக்குக் கீழே "பதில் தரவில்லை" என்று போடுங்கள். விளம்பரம் தருபவரும் தராதவரும் அந்தப் பக்கத்தில் ஒரே அளவில் இருக்கவேண்டும். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை ஓடாது என்பது எனக்கு விளங்குகிறது, அது வேறு பக்கத்தில் வரட்டும்.

கூடவே வாக்குரிமை விபரத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டால் உதவியாக இருக்கும். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் வாக்கு உண்டு, கனடியக் குடியுரிமையும் 18 வயதும் இருந்தால் போதும். ஏஜாக்ஸில் குடியிருந்துகொண்டு ரொறன்ரோவில் வீடு வைத்திருப்பவர் இரண்டு நகரங்களிலும் வாக்களிக்கலாம். வோட்டர்லூவில் தங்கிப் படிக்கும் பிள்ளை அங்கேயும் போடலாம், வீட்டுக்கு வந்து இங்கேயும் போடலாம். இது எனக்கே என் மகன் சொல்லித்தான் தெரிந்தது. ரொறன்ரோவில் படம் போட்ட அடையாள அட்டை கட்டாயமில்லை, பெயரும் முகவரியும் உள்ள வங்கிக் கணக்கு அறிக்கை போதும். அன்று காலை 10 மணியிலிருந்து இரவு 8 மணிவரை நேரம் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் செவ்வாய்க்கிழமைகளில் முதியவர்கள் கூடுவார்கள், முப்பதுபேர் வரை வருவார்கள். எங்கள் வட்டாரத்தின் பக்கம் வந்ததும் அதைப் பெரிய எழுத்தில் பிரதியெடுத்து, ஆளுக்கொன்று கொடுத்து, வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. அம்மா இப்போது வோக்கரோடுதான் நடக்கிறார். இந்தமுறை எங்கே வாக்கு, ஆர் ஆர் நிற்கினம் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
ஸ்காபரோ