பனிக்குள் ஓர் இடி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதாமாதம் கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நம் தாளவாத்தியக் குழுவின் பொழுதையெல்லாம் விழுங்கியது ஒரே உருப்படிதான்: பனி கொட்டும்போது இடிக்கும் இடியை வைத்து, 6 பேர் வாசிக்க நாமே கட்டியது.

பனிமேகம் பெரும்பாலும் தாழ்வாக, தட்டையாகக் கிடக்கும். இடி பிறக்கும் அளவுக்கு அதற்குள் காற்று வேகமாக மேலேறுவதில்லை. கடுங்குளிர் காற்று, தன்னைவிட வெப்பமான ஏரியையோ கடலையோ கடக்கும்போது சில நேரம் அப்படி ஏறிவிடும். வட அமெரிக்கப் பேரேரிகளின் கரைகளிலும், ஜப்பானின் மேற்குக் கரையிலும் இது நடப்பதுண்டு. அந்த ஜப்பானியக் கரையில் இந்த இடிக்கு 'யுகி ஒகோஷி' என்று பெயர். பனியைத் தட்டி எழுப்புவது என்று பொருள். பெயரைக் கேட்ட பிறகுதான் "நமக்கெதற்குப் பனி?" என்ற முணுமுணுப்பு ஓய்ந்தது.

முதல் ஒத்திகையில் எல்லோரும் கை ஓயும்வரை அடித்தோம். பேஸ் டிரம் என்ற பெரிய முரசு, கோங் என்ற தொங்கும் உலோகத் தட்டு, அசைத்தால் இடிபோல் அதிரும் இடித்தகடு எல்லாம் சேர்ந்து அதிர, கேட்டதென்னவோ சுத்தமான மழைக்கால இடி! விழும் பனியும் விழுந்து கிடக்கும் பனியும் ஓசையைக் குடித்துவிடும் என்பதை மறந்துவிட்டோம். சாதாரண இடி 15 கிலோமீட்டர் வரைகூடக் கேட்கும். பனி இடி 3 முதல் 5 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சரி, அடிப்பதைவிட அடக்குவதைத்தான் பழக வேண்டும் என்று புரிந்தது.

பேஸ் டிரம்மின் பின்பக்கம் கம்பளி போர்த்தினோம். வலக்கை அடித்ததும் இடது உள்ளங்கை தோலில் பதிய வேண்டும். அவசரப்பட்டால் மூட்டை விழுந்த மாதிரி 'பொத்' என்கிறது. தாமதித்தால் பழைய உறுமல் திரும்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு நொடியைப் பிடிக்க மாதக்கணக்கில் ஆனது. பனியில் பட்டுச் சிதறி வானமெங்கும் பரவும் மின்னல் வெளிச்சத்துக்கு, வைப்ரஃபோன் என்ற வாத்தியத்தின் உலோகப் பட்டைகளின் ஓரத்தில், வயலினுக்குப் போல வில் போட்டு இழுத்தோம். பனி விழுவதற்கு, அடித்தோலை ஒட்டிய கம்பிகளைத் தளர்த்திய ஸ்னேர் டிரம் என்ற சிறு முரசில் விரல்நுனிகள் போதுமாக இருந்தன.

இடித்தகட்டுக்குக் கடைசியில் ஒரே ஓர் அசைப்புதான் மிஞ்சியது. அதை வாசிக்கும் உறுப்பினர், "இதற்காகவா ஒத்திகைக்கு வந்து நின்றேன்?" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் என் காதுக்கு, உருப்படியிலேயே சிறந்த இடம் அதுதான்.

அரங்கேற்றத்தன்று வாடகை கோங் வந்து சேர்ந்தபோது அரங்கில் விளக்கை அணைத்துவிட்டார்கள். அப்புறம், உருப்படி முடிந்தது தெரியாமல் சபை சற்று நேரம் கை தட்டாமலே இருந்தது. அது பாராட்டா, குழப்பமா என்று குழுவில் இன்னும் விவாதம் நடக்கிறது.

பேஸ் டிரம்முக்குப் போர்த்திய கம்பளி யாருடையது என்று தெரியவில்லை. சாமான் அறையில் இருக்கிறது, உரியவர் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த அரங்கேற்றத்துக்கு மட்டும் மறக்காமல் கொண்டு வரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்