பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக எங்கள் குழுவை, பார்க்கிற இடத்தில் எல்லாம் கைகொடுத்துப் பாராட்டுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் போய்ச் சேரவேண்டிய ஆட்கள் வேறு. அவர்களில் பலர் தங்களைத் தன்னார்வலர் என்றே நினைத்துக்கொள்வதில்லை. "நான் என்ன தம்பி செஞ்சேன், மாடியைத் தெறந்துவிட்டேன், அம்புட்டுத்தான்" என்பார்கள். இந்த மடல் அவர்களுக்குத்தான். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

விவரம் தெரியாமல் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடிதம், விண்ணப்பம் அடிக்க ரைட்டர், கணக்குப் போட கால்க், திரையில் போட்டுக்காட்ட இம்ப்ரெஸ் எல்லாம் சேர்ந்ததுதான் லிப்ரே ஆபீஸ். காசு கிடையாது, லைசென்ஸ் கீ கிடையாது, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மூலநிரலும், அதாவது அதை எழுதிய நிரலும், யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்று இருந்ததை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, அடுத்த ஆண்டே மூலநிரலைத் திறந்துவிட்டு ஓபன் ஆபீஸ் ஆக்கியது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கிவிட, அதில் உழைத்துவந்த பலர் அதே ஆண்டு செப்டம்பரில் தனியாக வந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். அங்கிருந்து வருவதுதான் இன்று நாம் பயன்படுத்துவது. அந்த அமைப்பு பெர்லினில் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் போர்டு வைக்கவோ, டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏஜென்ட் அனுப்பவோ அவர்கள் வரப்போவதில்லை. ஊரில் நாலு பேர் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும்.

சொல்லிவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. நிறுவுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்து, கடை மூடுகிற நேரத்தில், "தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது" என்று ஒரு போன் வரும் பாருங்கள், அதை எடுத்துப் பொறுமையாகப் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடங்களில் நாங்கள் நிறுவிக்கொடுத்தது எல்லாம் அடுத்த வாரமே தூக்கப்பட்டது, அதையும் பார்த்திருக்கிறோம்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர் ஐயாவுக்கு. தமிழ் தட்டச்சில் ஹையர் முடித்தவர், எத்தனையோ வருடம் அரசு அலுவலகத்தில் மெஷினில் அடித்த விரல்கள். எங்கள் பையன்கள் வகுப்புக்கு வந்தவர்களிடம் எல்லாம் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள், 1999 மாநாட்டில் வந்தது, அரசே ஏற்றுக்கொண்டது என்று பாடம் எடுத்துக்கொண்டிருக்க, ஐயா ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிப்பா, என் விரலுக்கு யார் சொல்றது?" என்றார். உண்மைதானே. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸில், ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகப் பழைய தட்டச்சு விசைப்பலகையையே போடலாம், விண்டோஸில் என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளிலும் அது இருக்கிறது. போட்டுக்கொடுத்த அன்று அவர் அடித்த வேகத்தைப் பார்த்து வகுப்பே எழுந்து வந்து பின்னால் நின்றது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. வருகிறவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்து, கடைசியில் அதை நாலு பக்கக் கையேடாக அடித்துக் கொடுத்துவிட்டார். ரைட்டரில் ஒரு ஸ்டைலைத் திருத்தப் போனால் ஆங்கில எழுத்துக்குத் தனியாகவும், தமிழ் மாதிரியான எழுத்துகளுக்குத் தனியாகவும் எழுத்துருவும் அளவும் கேட்கும். முதலாவதை மட்டும் 14 ஆக்கிவிட்டு "தமிழ் மட்டும் பெருசாகவே மாட்டேங்குது" என்று முழிக்காதவர் கிடையாது. ஐயாவின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே, கட்டம் போட்டு, அதுதான் இருக்கிறது. இணையத்தில் எத்தனையோ வழிகாட்டிகள் உண்டு, எங்களுக்குத் தெரிந்து இந்த நாலு பக்கம் செய்த வேலையை எதுவும் செய்யவில்லை.

அப்புறம் சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன். காதணி விழா பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, வீட்டுமனை நோட்டீஸ் என்று அவர் கடை எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வேலைக்கெல்லாம் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருள்தான், அதை மாற்றச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றுக்கும் மாற்று என்று கதை விடுகிறவர்களால்தான் இதற்குக் கெட்ட பெயர். ஆனால் மனு, பயோடேட்டா, காலேஜ் புராஜெக்ட் என்று வருகிற வேலை அத்தனையையும் ரைட்டருக்கு மாற்றினார். மாற்றும்போதுதான் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு வந்து குறுக்கே நின்றது. வருடக்கணக்காக பாமினியில் அடித்த கோப்புகள், அதை இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம், யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. மாற்றி எழுதும் கருவி இந்த இடத்தில் கொஞ்சம் அசந்தால் 'கோவில்' என்பது 'காவில்' ஆகி, கொம்பு தனியாக முன்னால் நிற்கும். அண்ணன் பொறுமையாக ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, எந்தெந்த எழுத்து உடைகிறது என்று பட்டியல் எடுத்து, கண்டறிந்து மாற்றுவதற்கு என்னென்ன போட வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார். அதைப் போட்டிக் கடைக்காரர்களுக்கும் கொடுத்தார், அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். "அவனும் என் மாதிரி கண்ணு கெட்டுத்தானே உட்கார்ந்திருக்கான்" என்றார்.

பயோடேட்டா என்றதும் நினைவுக்கு வருகிறது. காலேஜில் கேலிப்ரி எழுத்துருவில் அடித்த ஒரு பக்க பயோடேட்டா, இங்கே திறந்தால் இரண்டாம் பக்கத்துக்குத் தாவி அங்கே கையெழுத்து மட்டும் தனியாகத் தொங்கும். மாணவர்களுக்கு உயிர் போய்விடும். கேலிப்ரி இல்லாத கணினியில் அதே அகலத்தில் வரும் கார்லிட்டோ எழுத்துரு இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும், கேம்ப்ரியாவுக்கு கலடியா. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் பென்டிரைவில் எழுத்துருக்களைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததும் கல்லூரிப் பிள்ளைகள். முந்நூறு எம்பிக்கு மேல் இருக்கிற நிறுவல் கோப்பை எல்லோரும் மொபைல் டேட்டாவில் இறக்க முடியாது என்பதை எங்களுக்கு முன்னாலேயே யோசித்தவர்களும் அவர்களே. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்டபோது, நல்ல நிலையில் இருக்கிற கணினியைத் தூக்கிப்போடுவதா என்று வந்து நின்றவர்களுக்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்ததும் இந்தப் பிள்ளைகள்தான். தம்பிகளா, தங்கச்சிகளா, அரியர் இல்லாமல் முடியுங்கள், உங்கள் வீட்டில் எங்களைத்தான் திட்டுகிறார்கள்.

வாடிப்பட்டிப் பக்கத்து மகளிர் குழு அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர்கள் குழுவில் சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை எல்லாம் நோட்டில்தான். கால்க்கில் ஒரு தாள் போட்டுக் காட்டினோம்: பெயர் ஒரு பக்கம், மாதம் மேலே, கீழே கூட்டுத்தொகை தானாக வரும், மேல் வரிசையை நிறுத்திவைத்தால் எவ்வளவு கீழே போனாலும் மாதத்தின் பெயர் கண்ணிலேயே இருக்கும். அக்கா எல்லாம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நோட்டை விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சில மாதம் இரண்டிலும் எழுதினார். மாதக் கடைசியில் நோட்டையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் பார்ப்பார். ஒரு முறை பத்து ரூபாய் இடித்தது. எங்கள் ஆள் உடனே சூத்திரத்தைத் தோண்ட ஆரம்பிக்க, அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டே போய், கூட்டலில் தப்பு நோட்டில்தான் என்று அவரே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கால்க்தான், நோட்டு சும்மா சாட்சிக்கு. கணக்கை ஒரே பொத்தானில் பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் உள்ள எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்புகிறார். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வீட்டில் இருந்தே பார்த்துக்கொள்கிறார்கள். இதற்குப் பிறகு நடந்தது எங்களுக்குத் தெரியாமலே நடந்தது. பக்கத்து ஊர்க் குழுவுக்கு அக்காவே போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர்கள் இன்னொரு குழுவுக்கு. எங்கள் ஆள் ஒருவர் வேறு வேலையாகப் போன இடத்தில் அதே தாளை, அதே மஞ்சள் தலைப்போடு பார்த்துவிட்டு வந்து சொன்னபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரியும்.

வேண்டாம் என்று சொல்லிப் போனவர்களுக்கும் நன்றி உண்டு, கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், ஒரு அழுத்தில் பல வேலையைத் தானாகச் செய்யும் எக்செல் மேக்ரோ பொத்தான்கள் வைத்த பெரிய கோப்பைக் கொண்டுவந்தார், பாதி பொத்தான் வேலை செய்யவில்லை. "நல்ல சாமான்தான், எனக்கு ஆகாது" என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு, எது எது ஓடவில்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் அவருடைய முதல் புகார், அட்டவணையில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப் சூத்திரம் கால்க்கில் இல்லை என்பதுதான். 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில் அது வந்துவிட்டது என்று சொன்னதும், "சரி, அப்ப மறுபடி பார்ப்போம்" என்றிருக்கிறார். மேக்ரோ விஷயம் அப்படியேதான் இருக்கிறது. பொய் சொல்லி யாரையும் கட்டிவைக்க முடியாது.

ஜெய்ஹிந்துபுரத்தில் டியூஷன் சென்டர் மாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை வாங்காமல் கொடுத்த சாருக்கும், கரண்ட் போனால் தன் வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டு இன்வெர்ட்டரை எங்களுக்குத் திருப்பிவிட்ட அம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பருத்திப்பால் கொடுத்த அண்ணன் காசுக் கணக்கு எழுதவே இல்லை. உளுந்தவடை தனி. திருட்டு மைக்ரோசாஃப்ட் ஆபீஸைப் போட்டுவிட்டு அதோடு வைரஸையும் சேர்த்துக்கொடுக்கும் சர்வீஸ் கடைகள் நடுவே, "இது இலவசம், இதையே போட்டுக்கங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, காசு வாங்காமல் போட்டுக்கொடுத்த கோரிப்பாளையம் மெக்கானிக் தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு. வருமானம் போகும் என்று தெரிந்தே செய்தார்.

தூரத்தில் இருப்பவர்களையும் விடக்கூடாது. வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் வரி வரியாகத் தமிழாக்கம் செய்கிறவர்கள், பிழை சொன்னால் திருத்தித்தரும் முகம் தெரியாத நிரலர்கள், 2012-லிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் இணைய இதழ் நண்பர்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் கணியம் படித்துவிட்டுத்தான் எங்களிடமே வந்தார்கள்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள். இந்த முறை உசிலம்பட்டியில் வைக்கலாம் என்று பேச்சு. மகளிர் குழு அக்கா வருவதாகச் சொல்லிவிட்டார், தட்டச்சு ஐயா கையேட்டை இன்னும் இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறார். இடம்தான் இன்னும் அமையவில்லை. அந்தப் பக்கம் யாரிடமாவது ஐம்பது பேர் உட்காரும்படி ஹாலோ மாடியோ இருந்தால் சொல்லுங்கள். புரொஜெக்டர் எங்களிடம் இருக்கிறது, நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கிடைத்தால் நல்லது.

அன்போடும் நன்றியோடும்,
மதுரையிலிருந்து, குழுவின் சார்பில்