விட்டு விட்டு எரியும் டார்ச் யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டில் வாங்கி வைக்க வேண்டிய பொருள்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெழுகுவர்த்தி, பவர் பேங்க், குளோரின் மாத்திரை எல்லாம் சரி. டார்ச் லைட் பத்தியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எஸ்.ஓ.எஸ். (விட்டு விட்டு மினுக்கி உதவி கேட்கும் அபாயக் குறி), ஸ்ட்ரோப் (படபடவென்று வேகமாக மினுக்குவது) வசதிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 2022-லிருந்து அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். ராத்திரி முழுக்க விளக்கைக் காட்டியே சம்பளம் வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒரு டார்ச்சில் கடைசியாகப் பார்க்க வேண்டியது அந்த மின்னல் ஆட்டம்தான்.

முதலில் வீட்டுக் கதை. பழைய எவரெடி பேட்டரி லைட்டை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். தள்ளினால் எரியும் சுவிட்ச், அதோடு ஒரு சின்னப் பொத்தான். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை வெளிச்சம், விரலை எடுத்தால் இருட்டு. இன்றைய எல்.இ.டி. டார்ச்சுகள் பலவற்றில் ஒரே பொத்தான். முதல் அழுத்தில் பளீர், அடுத்ததில் மங்கல், அடுத்ததில் படபடவென்று ஸ்ட்ரோப், அதற்கடுத்து எஸ்.ஓ.எஸ். அணைக்க வேண்டுமென்றாலும் இத்தனையையும் கடந்துதான் போக வேண்டும். போன மழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி, கொல்லையில் விறகு அடுக்குக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதே என்று குறைக்கப் போன என் மனைவியின் கையில் டார்ச் ஸ்ட்ரோப்புக்குத் தாவிவிட்டது. நொடிக்குப் பத்துத் தடவை விளக்கு அடிக்கும்போது எது அசைகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பாம்பைத் தேடும் நேரத்தில் இதைவிட மோசமான வெளிச்சம் வேறில்லை. (வந்தது பெருச்சாளி. அது வேறு விஷயம்.) வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வேகமாக மினுக்கும் வெளிச்சமே வலிப்பைத் தூண்டிவிடும் என்பதையும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, எஸ்.ஓ.எஸ். மூன்று குட்டை, மூன்று நெட்டை, மறுபடி மூன்று குட்டை. 1906-ல் பெர்லினில் நடந்த சர்வதேச மாநாட்டில் ஏற்றுக்கொண்டு, 1908 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று கப்பலுக்குக் கப்பல் காதைத் தீட்டிக்கொண்டு தந்திக்காரர் உட்கார்ந்திருந்தார். 1999 பிப்ரவரியில் செயற்கைக்கோள் வழி அபாய அறிவிப்பு முறை முழுமையாக அமலுக்கு வந்ததும், அந்த வேலைக்கு, எழுத்துகளைக் குட்டை நெட்டையாக அனுப்பும் மோர்ஸ் முறை தேவைப்படாமல் போய்விட்டது. கடல் விதிகளின் அபாயக் குறிப் பட்டியலில் எஸ்.ஓ.எஸ். இன்னும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மலையடிவாரத்தில் டீக்கடை வாசலில் நிற்பவருக்கு அது என்ன தெரியும்? மேலே ஏதோ விட்டு விட்டு எரிகிறது. யாரோ பையன் விளையாடுகிறான், இல்லாவிட்டால் செல்போன் டவர் என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போவார்.

தெரிந்தவர் பார்த்தாலும் சிக்கல் உண்டு. ஒரு குட்டை கால் நொடி என்று வைத்துக்கொண்டால், முழு எஸ்.ஓ.எஸ். முடிய ஏழு நொடிக்கு அருகில் ஆகும். அவ்வளவு நேரம் ஒரே இடத்தைப் பார்த்து எண்ண வேண்டும். மலிவு டார்ச்சுகள் சிலவற்றில் இதை அவசர அவசரமாக அடித்து முடித்துவிடுகிறார்கள். குட்டை எது, நெட்டை எது என்று பிரிப்பதே கஷ்டம்.

ரயில்வேயில் இதற்கு நேர் எதிரான வழி. பொது விதிகளில் கையால் காட்டும் நிறுத்தக் குறி ஒன்று உண்டு. ராத்திரியில் சிவப்பு விளக்கு காட்ட வேண்டும். சிவப்பு இல்லையென்றால் வெள்ளை விளக்கையே உடம்புக்குக் குறுக்காக, இடமும் வலமுமாக வேகமாக ஆட்ட வேண்டும். அவ்வளவுதான். எண்ண வேண்டியதில்லை, படிக்க வேண்டியதில்லை. நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் வருகிற டிரைவருக்கு ஒரு பார்வை போதும். நின்ற இடத்தில் மினுக்கும் விளக்கு எதுவாகவும் இருக்கலாம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆடும் விளக்குக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்பது யாருக்கும் புரியும்.

மினுக்கும் விளக்கே ரயில்வேயில் கிடையாதா என்றால், உண்டு. இன்ஜின் தலையில் மஞ்சள் பிளாஷர் லைட் இருக்கிறது. வண்டி திடீரென்று பிரேக் பிரஷர் இறங்கி நின்றுவிட்டால், பெட்டி தடம் புரண்டு பக்கத்துப் பாதையை அடைத்திருக்கலாம். உடனே டிரைவர் பிளாஷரைப் போடுவார். பக்கத்துப் பாதையில் வருகிறவர் அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அதுவரை கார்டு சும்மா இருக்க மாட்டார். பாதுகாப்பு கொடுக்க வேண்டிய நிலைமை என்றால் அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடி), 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று வைக்க, கையில் விளக்கோடு ஓட வேண்டும். பிளாஷர் வேலை செய்வதற்குக் காரணம் அதன் மினுக்கல் அல்ல. பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கமும் படித்து, பரீட்சை எழுதி வந்திருக்கிறார்கள்.

கடலிலும் இதே கதைதான். கப்பல்கள் மோதிக்கொள்ளாமலிருக்க 1972-ல் வகுத்த சர்வதேச விதிகளில் 36-வது விதி, பிறர் கவனத்தை ஈர்ப்பதற்காக ஸ்ட்ரோப் மாதிரியான கடும் மினுக்கு விளக்குகளைத் தவிர்க்கச் சொல்கிறது. அதே சமயம் கப்பலில் வைக்கும் லைஃப் ஜாக்கெட் விளக்கு மினுக்கும் வகை என்றால் நிமிடத்துக்கு 50 முதல் 70 தடவை மினுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதாவது ஏறக்குறைய நொடிக்கு ஒன்று, நிதானமாக. பொட்டிக் கடை டார்ச்சின் படபடப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நம் மீனவர்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் மாட்டிக்கொண்டால் டார்ச்சை யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கே இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவியோ, போனில் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554-ஓதான் கைகொடுக்கும். தேடி வந்த படகு கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வந்தபிறகு, இருட்டில் ஆளைச் சரியாகக் காட்டிக்கொடுக்க மட்டும் மினுக்கும் விளக்கு நிஜமாகவே உதவும். பேட்டரியும் கொஞ்சம் மிச்சம். தேடி வருவது ஹெலிகாப்டர் என்றால் அதை ஓட்டுகிறவர்கள் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது.

மலையேறுகிறவர்களுக்கு எஸ்.ஓ.எஸ்-ஐவிட நல்ல முறை 1894-லிருந்தே இருக்கிறது. கிளின்டன் டென்ட் என்ற ஆங்கிலேய மலையேற்றக்காரர் யோசனையில் வந்தது. நிமிடத்துக்கு ஆறு தடவை, அதாவது பத்து நொடிக்கு ஒரு தரம் வெளிச்சம் காட்டி, அடுத்த ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பிறகு மறுபடி ஆறு. பார்த்தவர் நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் காட்டுவார். கையால் டார்ச்சை மறைத்து மறைத்துக் காட்டினாலே போதும், தனி வசதி எதற்கு? வெள்ளியங்கிரியில் சீசன் ராத்திரிகளில் மலை முழுக்க டார்ச்சுகள் ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு ஸ்ட்ரோப் மினுக்கினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இந்த வசதியே கூடாது என்று தயாரிப்பாளர்களோடு சண்டை போடவில்லை. சாதாரண அழுத்தில் வராமல், பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் மட்டும் வரட்டும். வேகத்தை நொடிக்கு ஒன்று என்று குறைக்கட்டும். பழைய மாதிரி விரல் இருக்கும் வரை எரியும் பொத்தானைத் திரும்பக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. அப்புறம், அடுத்த முறை உங்கள் பட்டியலை வெளியிடும்போது, மங்கல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும், மழைத் தண்ணீர் உள்ளே போகுமா, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று மூன்று கேள்விகளைச் சேருங்கள். டார்ச்சோடு ஒரு விசிலையும் சேருங்கள். கப்பல் லைஃப் ஜாக்கெட்டில் விளக்கோடு அதையும் கட்டித்தான் கொடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு,
விருத்தாசலம்