மழை நாளுக்கும் ஒரு வழி எழுதுங்கள்: ஹங்கேரியில் கூட்டுச் சைக்கிள் பயணம் நடத்துவோருக்குத் திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஹங்கேரியின் கிராமங்கள் வழியாக வாரக்கணக்கில் சைக்கிளில் கூட்டிப்போகிறீர்கள். நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், இரவு எந்த ஊரில் என்பதெல்லாம் உங்கள் அறிவிப்பில் தெளிவாக இருக்கிறது. மழைக்கு மட்டும் ஒரே வரி, மழைக்கோட்டு கொண்டுவரவும் என்று. அந்த நாட்டில் மே, ஜூன்தான் மழை மிகுந்த மாதங்கள். பயணத்துக்கு ஆள் சேருவதும் அப்போதுதான்.

நனைவதால் யாருக்கும் பயணம் கெடுவதில்லை. வெயிலுக்குப் போட்ட வழியிலேயே ஈரத்திலும் ஓட்டச் சொல்வதால்தான் கெடுகிறது. டான்யூப் ஆற்றோரமாகப் போகும் யூரோவெலோ 6, டிசா ஆற்றோரமாகப் போகும் யூரோவெலோ 11 என்ற நெடுந்தூரச் சைக்கிள் வழிகள் இரண்டும் பல இடங்களில் வெள்ளத்தடுப்புக் கரையின் மேலேயே போகின்றன. தார் போட்ட இடத்தில் எந்த மழைக்கும் கவலையில்லை. தார் முடிந்து புல்லும் மண்ணுமாக மாறும் இடத்தில்தான் சிக்கல். ஒரு மணி நேர மழை போதும், அந்தக் களிமண் டயரைப் பிடித்துக்கொள்ளும்.

35 மில்லிமீட்டர் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு விரல் இடம்கூட இருக்காது. முதலில் மெல்லிய பூச்சாகச் சேறு ஒட்டும். அதன்மேல் கரையில் வெட்டிப்போட்ட புல் வந்து சிக்கும். ஹங்கேரிச் சமவெளியில் பழைய வீடுகளைக் கட்டிய பச்சைச் செங்கல்லுக்கும் இதுதான் பக்குவம், களிமண்ணோடு வைக்கோல். அதே கல் இப்போது உங்கள் மட்கார்டுக்குள் உருவாகிறது. சக்கரம் இறுகும்போது ஓட்டுபவர் பெடலை இன்னும் அழுத்துவார். செய்யக்கூடாதது அதுதான். பின்பக்கத்தில் கியர் மாற்றும் பாகமான டிரெய்லியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டான ஹேங்கர் வளையும், அல்லது உடையும். டிரெய்லியர் சக்கரக் கம்பிகளுக்குள் போனால் சக்கரமும் போயிற்று. சக்கரம் கனத்தவுடன் இறங்கி, குச்சியால் சேற்றைத் தோண்டி எடுத்து, தார் வரும்வரை புல் ஓரமாகத் தள்ளிப்போகச் சொல்லுங்கள். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறுபடும், கிராமத்தில் கிடைக்காது. ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு உரியதை ஒன்று கையில் வைத்திருக்கட்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றே. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வழி போடுங்கள், காய்ந்த வழி ஒன்று, ஈர வழி ஒன்று. ஈர வழி முழுக்கத் தாராக இருக்க வேண்டும். ஹங்கேரியில் சாலை எண்ணைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்: ஒன்று முதல் மூன்று இலக்கம் வரை உள்ளவை முக்கியச் சாலைகள், லாரி மிகுதி. நான்கு, ஐந்து இலக்க எண்கள் கிராமங்களை இணைப்பவை. ஈர வழியை இவற்றில் கோத்தால் தூரம் கூடலாம், ஆனாலும் வேகம் விழாது. எந்த வழி என்பதை முந்தின இரவே முடிவு செய்யுங்கள். ஹங்காரோமெட் வானிலைச் சேவை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. இரவு மழை பெய்து காலையில் பளிச்சென்று வெயில் அடித்தாலும் ஈர வழிதான். களிமண்ணுக்கு வெயில் வந்தது அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

டான்யூபுக்கும் டிசாவுக்கும் இடைப்பட்ட கிஷ்குன்சாக் பகுதியில் கணக்கு தலைகீழ். அங்கே மணல். காய்ந்தால் சக்கரம் புதையும், நனைந்தால் இறுகி ஓடும். மழை நாளில் மண்பாதையிலேயே போக வேண்டிய ஊர் அது. ஆனால் அங்கே கோடைக் கடைசியில் நெருஞ்சி காய்த்துக் கிடக்கும். ஆம், நம் ஊர்க் காலில் குத்துகிற அதே நெருஞ்சிதான். ஈர ட்யூபில் ஒட்டு நிற்காது, அதனால் வழியில் ட்யூபை மாற்றிவிட்டு, ஒட்டுவதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு ட்யூப். டயரின் உட்புறத்தில் முள்ளை விரலால் தேட வேண்டாம், பழைய துணியை ஓட்டினால் முள் அதில் மாட்டும்.

கரை விஷயத்தில் இன்னொன்று. ஆற்று மட்டம் ஏறினால் வெள்ளத் தற்காப்பு மூன்று படிகளில் அறிவிக்கப்படும். அப்போது கரைமேல் சைக்கிளுக்கு வேலையில்லை, ஆற்றைக் கடக்கும் படகுகளும் நிற்கலாம். மழை ஹங்கேரியில்தான் பெய்ய வேண்டும் என்பதில்லை, ஆஸ்திரியாவில் பெய்தது சில நாளில் டான்யூபில் வந்து சேரும். புடாபெஸ்டில் 2013 ஜூனில் மட்டம் 891 சென்டிமீட்டரைத் தொட்டது, 2024 செப்டம்பரில் 830. படகை நம்பி வழி போட்டால், பக்கத்துப் பாலம் எது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பாலாட்டன் ஏரியைச் சுற்றினால் கரையில் உள்ள புயல் எச்சரிக்கை விளக்கைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அது இயங்கும். நிமிடத்துக்கு 45 முறை மின்னினால் 40 முதல் 60 கிலோமீட்டர் வேகக் காற்று, 90 முறை என்றால் அதற்கும் மேல். விளக்கு படகுக்காரர்களுக்கானதுதான், ஆனால் பக்கக் காற்று பை கட்டிய சைக்கிளையும் தள்ளும்.

மட்கார்டு இல்லாதவரைப் பின்வரிசையில் விடுங்கள், அவருக்குப் பின்னால் வருபவரின் வாயில்தான் சேறு விழும். மட்கார்டு இருந்தாலும் அதன் அடியில் சேற்றைத் தடுக்கத் தொங்கும் மடல் வேண்டும். தண்ணீர் பாட்டிலை ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, இரண்டு துளை போட்டு, பிளாஸ்டிக் டை இரண்டால் கட்டினால் மடல் தயார். தரைக்கு ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கினால் போதும். எட்டுப் பேராக ஓடும் குழுவை மழையில் நான்கு நான்காகப் பிரித்து, ஆளுக்கு ஆள் மூன்று சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் முதல் ஒன்றிரண்டு சுற்றில் தண்ணீரைத் துடைக்கத்தான் உதவும், அதன்பிறகுதான் பிடிக்கும். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாலையின் வெள்ளைக் கோட்டில் திரும்பக்கூடாது. மணல் கலந்த தண்ணீர் பிரேக் கட்டையை அரைத்துத் தின்னும். வகைக்கு இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். டிஸ்க் பிரேக்குக்கு உலோகக் கலவைக் கட்டை ஈரத்தில் அதிக நாள் வரும், சத்தம் போட்டால் போடட்டும்.

அந்நாட்டுச் சட்டப்படி சைக்கிள்கள் ஒற்றை வரிசையில்தான் போக வேண்டும். ஊருக்கு வெளியே இரவிலும் பார்வை மங்கிய நேரத்திலும் ஒளிர் அங்கி கட்டாயம். கொட்டும் மழையும் பார்வை மங்கிய நேரம்தான்.

குளிர் 12 டிகிரி, கூடவே வடமேற்குக் காற்று என்றால், வழக்கமாக வாயாடுகிறவர் குளிர் தாக்கிப் பேசாமலாகிறாரா என்று கவனியுங்கள். கிராமத்துப் பேருந்து நிழற்குடையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், உள்சட்டையை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். மின்னல் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அவசரத்துக்கு 112. ரயிலில் தப்பிக்கலாம் என்று இருந்தால், இன்டர்சிட்டியில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும், இடமும் எண்ணி வைத்ததுதான். எல்லோரும் ஒரே வண்டியில் ஏற முடியாது. யார் எந்த வண்டியில் என்று முன்கூட்டியே பிரித்து வையுங்கள்.

இரவு தங்கும் இடத்தில் குழாய் ஒன்றும் பழந்துணி மூட்டை ஒன்றும் கேட்டு வாங்குங்கள். அதிக அழுத்தத் தண்ணீரைச் சக்கரத்தின் நடுவே பாய்ச்சினால் கிரீஸ் வெளியேறும், வாளித் தண்ணீரே மேல். செயினைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் கழித்து வெளிப்பக்கத்தை மறுபடி துடைக்க வேண்டும். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, படுக்கும்முன் ஒருமுறை மாற்றுங்கள்.

அடுத்த பதிவுப் படிவத்தில் சட்டை அளவு கேட்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேருங்கள்: டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்?

இப்படிக்கு,
மழையிலும் ஓட்டுகிறவர்கள்