அழற்சியைக் குறைப்பதா, எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதா?

ஆசிரியருக்கு,

மூலிகை மரங்களைப் பற்றிய கட்டுரைகள் 'அழற்சியைக் குறைக்கும், எதிர்ப்பாற்றலைக் கூட்டும்' என்று ஒரே மூச்சில் சொல்கின்றன. அழற்சியே எதிர்ப்பாற்றலின் ஒரு வேலைதான். எதைத் தணிக்கிறது, எதைத் தூண்டுகிறது என்று சொல்ல வேண்டாமா?

வில்லோ மரப்பட்டையிலுள்ள சாலிசின் என்ற வேதிப்பொருள் உடலுக்குள், ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. முதுகுவலி ஆய்வுகளில் நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் சாலிசின் வரை கொடுத்தார்கள். பட்டையைக் கண்ணளவாகப் போட்டுக் கொதிக்கவைத்தால் கிடைப்பது எவ்வளவோ! ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

சாம்பிராணி வகை மரமான பாஸ்வெல்லியாவின் பிசினிலுள்ள அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் பொருள்களை உருவாக்கும் 5-லிப்பாக்சிஜனேஸ் நொதியைச் சோதனைக் குழாயில் தடுப்பது உண்மை. ஆனால் வெறும் வயிற்றில் விழுங்கினால் அவை ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கின்றன. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் அளவு பல மடங்கு கூடுகிறது. இந்த விவரத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை.