ஜன்னலோர மேசை குறித்து, வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜன்னலோர மேசை காலியாக இருப்பதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனவர்கள் பலர். 22 ஆண்டுகள் அங்கே உட்கார்ந்து உங்கள் கைக்கடிகாரங்களைப் பழுதுபார்த்த அண்ணன் சென்ற மாதம் மாரடைப்பில் காலமானார்.

கடைக்காரன் ஓயவிடாமல் வேலை வாங்கியதால்தான் போய்விட்டார் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. யார் தொடங்கியது என்று நான் தேடவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. ஆறு மணி அடித்தால் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி வைத்துவிடுவார். இரவுச் சாப்பாடு பிள்ளைகளோடுதான் என்பது அவர் போட்ட சட்டம். மறுநாள் கல்யாணத்துக்குக் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று ஒருவர் மன்றாடியபோதும் எழுந்து போய்விட்டார். திட்டு வாங்கியவன் நான். கடைசி வாரத்தில் இரண்டு நாள் ஏழரை வரை இருந்தார் என்பது உண்மை. வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னேன். ஒரு முறைதான் சொன்னேன் என்பதும் உண்மை.

நாலு மணிக்குச் சின்ன மகள் பள்ளியிலிருந்து வந்ததும் தொலைபேசியில் அழைப்பாள். இடுக்கியில் எவ்வளவு நுண்ணிய திருகு இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, கணக்கில் எத்தனை மதிப்பெண் என்று விசாரிப்பார். எதிரே நிற்பவர் காத்திருக்க வேண்டியதுதான்.

அவர் தாமதப்படுத்துகிறார் என்று குறைபட்டவர்களும் உண்டு. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் நேரத்தை அளந்து ஓடவைக்கும் பாலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரம் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறையாவது ஆடும், சிலவற்றில் 28,800. டயல் மேலே இருக்கும்போது ஒரு வேகம், நிமிர்த்தி வைத்தால் இன்னொரு வேகம். எல்லா நிலையிலும் நாள்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்து, ஒத்துவந்தால்தான் தருவார். அவசரப்படுத்திய எனக்கும் அதே பதில்தான்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கும், பிள்ளைகளின் படிப்புக்குக் கேட்காமலே உதவியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவருடைய சம்பளம் இந்த மாதமும் வீட்டுக்குப் போய்விட்டது. சொல்லிக்காட்டுவதாக எண்ண வேண்டாம், பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

பாட்டரி, பட்டை மாற்றும் வேலைகள் வழக்கம்போல் நடக்கின்றன. சாவிக் கடிகாரங்களை மட்டும் இப்போதைக்கு வாங்குவதில்லை. அவர் பிரித்து வைத்தவை பெயரெழுதிய டப்பாக்களில் பத்திரமாக இருக்கின்றன. ரசீதுடன் வந்து அப்படியே பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்